மதூரோ சுருட்டை ருசித்து மதிப்பிடுவது: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாயில் ஒரு சுருட்டுக் கடையில் பதினொரு வருடம் இருப்பும் கணக்கும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது வீடு பாளையங்கோட்டையில். முக்கூடல் பக்கத்துக் கிராமத்தில் சொளவை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றித்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். புகையிலை வாசம் எனக்குத் தொட்டிலிலேயே பழக்கம்.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கறுத்த சுருட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாமனுக்கோ மச்சானுக்கோ கொடுக்கிறார்கள். அதை என்ன செய்வதென்று கொடுத்தவருக்கும் தெரிவதில்லை, வாங்கினவருக்கும் தெரிவதில்லை. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே புகைக்கிற, வயது வந்தவர்களுக்காக எழுதியது இது. புகைக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். அவர்கள் 4-ஆம் கேள்வியை மட்டும் படித்தால் போதும்.

1. அண்ணாச்சி, மதூரோங்கிறது கம்பெனி பேரா?

இல்லை. மதூரோ ஸ்பானிஷ் சொல். ‘பழுத்தது’ என்று பொருள். சுருட்டின் மேல் கடைசியாகச் சுற்றுகிற இலை, கறுத்த பழுப்பாகிற வரைக்கும் புழுங்கிப் பழுத்திருந்தால் அது மதூரோ. எந்தக் கம்பெனியும் போடலாம். வெளிர் பழுப்புக்குக் கிளாரோ, செம்பழுப்புக்குக் கொலராதோ, மதூரோவையும் தாண்டிக் கரியாகத் தெரிவதற்கு ஓஸ்குரோ என்று அந்த மொழியிலேயே பெயர் உண்டு.

நல்ல சுருட்டில் மூன்று அடுக்கு இருக்கும். நடுவில் உள்ளிலை, அதைச் சேர்த்துப் பிடிக்கிற கட்டிலை, அதற்கு மேலே கண்ணுக்குத் தெரிகிற மேலிலை. மதூரோ என்ற பெயர் மேலிலையைப் பார்த்து வைப்பது. இதை மறக்காமல் இருந்தால் பின்னால் வருகிற பாதிச் சந்தேகம் தானாகத் தீரும்.

2. இலை எப்படி இவ்வளவு கறுத்துச்சு?

ஈரம் காயாத வைக்கோலைப் படப்பு போட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு நாள் கழித்து உள்ளே கையை விட்டால் சுடும். புகையிலையிலும் அதே சங்கதிதான் நடக்கிறது. உலர்ந்த இலையை ஈரப்பதமாக்கி அம்பாரமாக அடுக்குவார்கள். நடுவில் சூடு ஏறும். நீளமான தெர்மாமீட்டரைச் சொருகிப் பார்த்துக்கொண்டே இருந்து, குறித்த சூடு வந்ததும் அம்பாரத்தைப் பிரித்து, உள்ளே கிடந்ததை வெளியிலும் வெளியே கிடந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவார்கள். இது மாதக் கணக்கில் நடக்கும். அந்தப் புழுக்கத்தில் அம்மோனியா வெளியேறுகிறது, பச்சை நெடி போகிறது, நிறம் இறங்குகிறது. மதூரோவுக்குச் சூடும் அதிகம், நாளும் அதிகம்.

மெல்லிய இலை இதைத் தாங்காது, நைந்துபோகும். அதனால் தடித்த இலையாகத்தான் எடுப்பார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அகல இலை, மெக்சிகோவில் வேராகுருஸ் மாநிலத்துச் சான் ஆந்த்ரேஸ் இலை, பிரேசிலில் பாயியா மாநிலத்து மாதா ஃபீனா, இவை மூன்றும் பேர்பெற்றவை. கனெக்டிகட் அகல இலையை அடுக்கடுக்காகக் கிள்ளுவதில்லை. செடியோடு அறுத்துத் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். என் மனசுக்கு நெருக்கமான இலை அதுதான். சான் ஆந்த்ரேஸ் இலையில் மண்வாசம் தூக்கலாக இருக்கும், மாதா ஃபீனாவில் இனிப்பு மணம் தெரியும்.

3. கறுப்பா இருக்கே, காட்டம் சாஸ்தியா? தலை கிறங்குமா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. நிறத்தை வைத்துக் காட்டத்தைச் சொல்ல முடியாது. கருப்பட்டி வெல்லத்தைவிடக் கறுப்புதான், அதற்காக அது உறைக்கவா செய்கிறது? பதநீரைக் காய்ச்சிய நேரம்தான் அந்தக் கறுப்பு. மதூரோவின் கறுப்பும் அப்படித்தான், இலை புழுக்கத்தில் பொறுத்துக் கிடந்த காலம் அது.

காட்டம் பெரும்பாலும் உள்ளிலையிலிருந்து வருகிறது. செடியின் உச்சியில் வெயில் குடித்துத் தடித்த இலைக்கு லிஹேரோ என்று பெயர், காட்டம் அதில்தான். நடு இலை செக்கோ, மணத்துக்கு. அடி இலை வொலாதோ, சீராக எரிவதற்கு. லிஹேரோ மெதுவாக எரியும் என்பதால் அதைச் சுருட்டின் நட்டநடுவில் வைப்பார்கள். லிஹேரோ குறைவாக உள்ள மதூரோ சாதுவாக இருக்கும். லிஹேரோ நிறைந்த வெளிர் நிறச் சுருட்டு ஆளைச் சாய்த்துவிடும்.

மதிப்பிடும்போது மூன்றைத் தனித்தனியாகப் பாருங்கள். காட்டம் என்பது நிகோடின் உடம்பில் செய்கிற வேலை. கனம் என்பது புகை வாயில் எவ்வளவு திண்ணமாக இருக்கிறது என்பது. நீர்மோருக்கும் கெட்டித் தயிருக்கும் உள்ள வித்தியாசம். ருசி இவை இரண்டும் அல்லாத மூன்றாவது. மதூரோவில் கனமும் ருசியும் ஏறி, காட்டம் மட்டாக இருப்பது சாதாரணம். கிறக்கம் வந்தால் சுருட்டைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள், இனிப்பாக எதையாவது சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் தொடவே கூடாது.

4. சுருட்டுப் புகையை உள்ள விழுங்குறது இல்லையே, அப்போ பீடி சிகரெட்டைவிட தேவலைதானே?

தேவலை இல்லை. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. அதனால் விழுங்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியாகவே நிகோடின் இரத்தத்தில் சேர்ந்துவிடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது காரணமாகிறது. விலை உயர்ந்தது, கையால் செய்தது, மருந்து கலக்காதது என்று எது சொன்னாலும் இது மாறாது.

என் அம்மா ஒரு பீடிகூடக் குடித்தவள் இல்லை. நாற்பது வருடம் தூள் நெடியில் உட்கார்ந்ததற்கே ராத்திரி இருமல் வாங்கிக்கொண்டாள். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். வருடத்துக்கு ஐந்தாறு சுருட்டுக்கு மேல் தொடுவதில்லை, வீட்டுக்குள் தொடுவதே இல்லை. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைப்பதற்கு நாடு முழுக்கத் தடை இருக்கிறது. டீக்கடை வாசலும் பொது இடம்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பது குற்றம். கர்ப்பிணியோ குழந்தையோ இருக்கிற வீட்டில் மாடியில்கூட வேண்டாம்.

5. எங்க சுடலைமாடசாமி கொடையில சுருட்டு படைக்கோம். அதுவும் இதுவும் ஒண்ணா?

சாதி ஒன்று, வகை வேறு. கொடையில் படைக்கிற நாட்டுச் சுருட்டு இரண்டு முனையும் திறந்த, நேரான சுருட்டு. திருச்சி உறையூர்ப் பக்கம் அதில் பேர்பெற்றது. ‘செரூட்’ என்று வெள்ளைக்காரன் சொல்லுவது நம்ம ‘சுருட்டு’ என்ற சொல்லைத்தான். நீங்கள் கேட்கிற மதூரோ ஒரு முனை தொப்பி போட்டு மூடியிருக்கும், வெட்டித்தான் குடிக்க முடியும். உள்ளே நீள இலைகள் முழுசாக மடிந்திருக்கும், ஈரப்பதம் குறையாமல் பாதுகாக்க வேண்டும்.

நாட்டுச் சுருட்டைத் தாழ்வாக நினைக்கிறவன் இல்லை நான். அதன் நெடியும் விறுவிறுப்பும் தனி. ஆனால் அதை மதூரோவின் அளவுகோலால் அளப்பது சரியில்லை, மதூரோவை அதன் அளவுகோலால் அளப்பதும் சரியில்லை.

6. மச்சான் கத்தார்ல இருந்து ஒரு பெட்டி கொண்டாந்தாவ. பீரோவுல வச்சிருக்கேன். கெட்டுப் போவுமா?

சித்திரை வைகாசியில் நம்ம ஊர்ப் பீரோவுக்குள் வைத்தால் கண்டிப்பாகக் கெடும். சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம், இருபது டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி. இருபத்தைந்து டிகிரிக்கு மேல் போனால் இலைக்குள் ஏதாவது வண்டு முட்டை இருந்தால் பொரிந்துவிடும். நமக்கோ மே மாதம் நாற்பதை எட்டிப் பார்க்கிறது.

நான் செய்வது இதுதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் 65 சதவீத ஈரப்பதப் பொட்டலம் ஒன்று. அந்த டப்பாவை மீன்காரர்கள் வைத்திருக்கிற மாதிரித் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, வீட்டிலேயே குளிர்ந்த அறையில் தரையோடு வைக்கிறேன். மரப்பெட்டி வைத்திருப்பவர்கள் உள்ளே பதித்திருக்கிற ஸ்பானிஷ் சீடர் பலகையைப் பற்றிக் கேட்பார்கள். பேர்தான் சீடர், மரம் நம்ம வேம்பின் குடும்பம். பூச்சிக்கு ஆகாத அந்த வாசம் எங்கிருந்து வந்தது என்று வேப்பம்பலகை வாசம் தெரிந்தவர்களுக்குப் புரியும். பிரிட்ஜில் சும்மா வைத்தால் ஈரமெல்லாம் வற்றி மீன்குழம்பு வாசம் ஏறிவிடும்.

ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்று தெரிய ஒரு வழி உண்டு. ஒரு பாட்டில் மூடியில் தூத்துக்குடி உப்பைப் போட்டு, சேறு பதத்துக்குத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு முழு நாள் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மானி எப்போதும் நாலு குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம்.

7. மேல வெள்ளையா பூத்திருக்கு. ஒண்ணுல குண்டூசி குத்துன மாதிரி ஓட்டையும் இருக்கு.

வெள்ளைப் பூப்பை ‘எண்ணெய் பூத்திருக்கு, நல்ல பழைய சரக்கு’ என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பூசணம்தான். அடைமழைக் காலத்தில் கருப்பட்டியில் பூக்குமே, அதே. மேலே மட்டும் லேசாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஈரப்பதத்தைக் குறையுங்கள். பச்சையோ நீலமோ தெரிந்தால், இல்லை பற்றவைக்கிற முனையில் உள்ளிலைக்குள் இறங்கியிருந்தால், தூக்கிப் போடுங்கள்.

ஓட்டை வண்டின் வேலை. அந்தச் சுருட்டை அப்புறப்படுத்திவிட்டு, மற்றவற்றை இரண்டு பைக்குள் காற்றில்லாமல் கட்டி, பிரீசரில் மூன்று நாள், பிறகு பிரிட்ஜில் ஒரு நாள், அதன் பிறகு வெளியே எடுங்கள். நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடித்துவிடும்.

8. பத்த வைக்கதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

முதலில் கண். நல்ல மதூரோ ஒரே சீராக வழவழவென்று இருக்க வேண்டும் என்பது தப்பான எண்ணம். அகல இலையில் மணல் தூவினமாதிரி சின்னச் சின்னப் பொரிகள் இருக்கும், நரம்பு தெரியும், நிறம் அங்கங்கே திட்டுத் திட்டாக மாறும். அது இலையின் இயல்பு. பார்க்க வேண்டியது எண்ணெய்ப் பசையான மினுக்கம், விரியாத ஓரம், ஒழுங்காக ஒட்டிய தொப்பி.

அடுத்தது விரல். இரண்டு விரலால் நீளவாக்கில் லேசாக அமுக்கிக்கொண்டே போங்கள். எங்காவது கல்லாக இருந்தால் அங்கே புகை அடைக்கும். பொதபொதவென்று இருந்தால் அங்கே வேகமாக எரிந்து கசக்கும். பீடிக்கடையில் அம்மாவின் கட்டை வாங்குகிறவர் இதே மாதிரிதான் அமுக்கிப் பார்த்துக் கழிவைத் தனியே தள்ளுவார். சின்ன வயதில் அவர் விரலைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். அந்தக் கழிவுக்குக் கூலி கிடையாது.

பிறகு மூக்கு. மேலிலையை ஒரு தடவை, பற்றவைக்கிற முனையை ஒரு தடவை முகருங்கள். இரண்டும் வேறு வேறு வாசம் தரும். நல்லதில் தொழுவத்து வைக்கோலும் கருப்பட்டியும் கலந்த மாதிரி வரும். மூக்கைக் குத்துகிற அம்மோனியா வந்தால் இலை இன்னும் பழுக்கவில்லை. டப்பாவில் சில மாதம் கிடக்கட்டும்.

9. விரல்ல கறுப்பு ஒட்டுது. உதட்டுலயும் ஒட்டுது. சாயமா?

பெரும்பாலும் சாயந்தான். 2-ஆம் பதிலில் சொன்ன மாதிரி மாதக் கணக்கில் காத்திருக்க மனமில்லாதவர்கள் இலையை ஆவியில் வேகவைத்தோ, நிறம் ஏற்றியோ கறுக்கிவிடுகிறார்கள். வெள்ளை வேட்டித் துணியை நனைத்து மேலிலையில் ஒற்றிப் பாருங்கள். லேசான பழுப்பு எந்தச் சுருட்டிலும் வரும். மை மாதிரிக் கறுப்பாக இறங்கினாலோ, எல்லாச் சுருட்டும் அச்சில் வார்த்தமாதிரி ஒரே கறுப்பாக இருந்தாலோ எனக்கு நம்பிக்கை வராது. அப்படிப்பட்டது புகையிலும் தட்டையாக, ஒரே மாதிரி இருக்கும்.

10. எந்தப் பக்கம் வெட்டணும், எவ்வளவு?

தொப்பி போட்டு மூடிய பக்கம். தொப்பி முடிகிற கோட்டுக்கு மேலே, இரண்டு மில்லிமீட்டர் போதும். கோட்டைத் தாண்டி வெட்டினால் மேலிலை பிரிந்துவிடும். பல்லால் கடிக்க வேண்டாம்.

வெட்டியதும் பற்றவைக்காமலே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மதூரோவின் இனிப்பு மணம் இந்தக் குளிர்ந்த இழுப்பில்தான் சுத்தமாகத் தெரியும். காற்று இளநீரில் உறிஞ்சுகுழல் போட்டமாதிரி கொஞ்சம் தடுத்து வர வேண்டும்.

11. தீப்பெட்டி போதுமா? மாடியில வச்சா ஒரு பக்கமா எரியுது.

தீப்பெட்டி போதும், முனையிலுள்ள மருந்து எரிந்து முடிந்த பிறகு பிடியுங்கள். கேஸ் லைட்டர் வசதி. பெட்ரோல் லைட்டரின் வாசம் ஏறினால் அது கடைசி வரை போகாது. வாயில் வைக்காமல், தீ நுனியைத் தொடாமல் முனையைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, ஓரம் முழுக்கக் கனிந்த பிறகு முதல் இழுப்பு. மதூரோ இலை தடிப்பு, எண்ணெய்ப் பசையும் உண்டு. மற்ற சுருட்டைவிடக் கொஞ்சம் பொறுமை கேட்கும்.

ஆனி ஆடியில் கணவாய் வழி வருகிற காற்றில் மொட்டை மாடியில் யாரும் சுருட்டை நேராக எரிக்க முடியாது. கயத்தாறு காற்றாலையைச் சுற்றுகிற காற்றல்லவா அது! கைப்பிடிச்சுவர் மறைவில், தரையோடு உட்காருங்கள். ஒரு பக்கம் பின்தங்கினால் அந்த இடத்தை மட்டும் தீயால் தொட்டுக் கொடுங்கள். மதிப்பெண் போடுகிற அன்றைக்குக் காற்றில்லாத இடம்தான் வேண்டும், இல்லையென்றால் காற்றின் குற்றத்தைச் சுருட்டின் மேல் போடுவோம்.

12. எத்தனை நேரத்துக்கு ஒருக்க இழுக்கணும்?

நிமிடத்துக்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். இழுத்த புகையை வாயிலேயே வைத்திருந்து விட்டுவிட வேண்டும். அடிக்கடி இழுத்தால் சூடேறிக் கசக்கும். ஐந்து அங்குல நீளம், ஐம்பது பருமன் உள்ள ரொபுஸ்தோ என்கிற அளவுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். பருமனை அங்குலத்தின் அறுபத்து நாலில் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். ஐம்பது என்றால் குறுக்களவு ஏறக்குறைய 20 மில்லிமீட்டர்.

13. கோகோ, லெதர், செடார்னு எழுதுதாங்க. எனக்குப் புகையிலை ருசியைத் தவிர ஒண்ணும் தெரியலையே?

தெரியும். பேர்தான் தெரியவில்லை. அந்தப் பேர்களெல்லாம் எழுதினவர்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தவை. நம்ம வீட்டில் அதைவிடப் பெரிய சமையலறை இருக்கிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டியை வாயில் போடுங்கள். வெறும் இனிப்புதான் தெரியும், சீனியா கருப்பட்டியா என்றுகூடச் சொல்ல முடியாது. மூக்கை விடுங்கள். பனை வாசம், அடுப்புப் புகை எல்லாம் ஒருசேர வரும். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, கறிச்சாறு மாதிரியான ருசி ஒன்று, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. சுருட்டிலும் அதுவே. நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை, வாயில் இருக்கிற புகையில் கொஞ்சத்தை மட்டும் மெதுவாக மூக்கு வழியே வெளியே விடுங்கள். நெஞ்சுக்குள் போகக் கூடாது. முதல் தடவை கண்ணில் தண்ணீர் வரும். அதன் பிறகுதான் வாசல் திறக்கும்.

எனக்குத் தெரிந்த மதூரோ வாசங்களை நம்ம பேரில் சொல்கிறேன். கருப்பட்டிப் பாகு, கொதித்துக் கெட்டியாகிற கடைசி நேரத்தில் வருவது. வறுத்த புளியங்கொட்டை, வெளிநாட்டுக்காரர்கள் கோகோ என்று எழுதுகிற இடத்தில் எனக்குப் பாதி நேரம் இதுதான் வருகிறது. காப்பிக்கொட்டை வறுக்கிற கடை வாசல். உலர்ந்த திராட்சை, பேரீச்சை. நல்லமிளகு, இது தொண்டையில் இல்லாமல் மூக்கின் பின்பக்கம் சுள்ளென்று வரும். புதுச் செருப்பின் தோல் வாசம். முதல் மழை விழுந்த கரிசல் மண். கெட்டது வரும்போதும் பேர் வையுங்கள்: ஈரச் சாக்கு, கரிந்த கடாய், பழைய எண்ணெய்.

தொடங்குகிறவர்கள் நாலு சின்னக் கிண்ணத்தில் கருப்பட்டி, நல்லமிளகு, காப்பித்தூள், உலர்ந்த திராட்சை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சந்தேகம் வரும்போது கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்த இழுப்பு. மூன்றாவது சுருட்டிலேயே மூக்கு பேசத் தொடங்கிவிடும்.

இனிப்பு என்று சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதூரோவில் வருவது மணத்திலுள்ள இனிப்பு. உதட்டை நக்கினால் சர்க்கரையாக இனித்தால், தொப்பியில் இனிப்புத் தடவியிருக்கிறார்கள். அதற்கு இலையின் கணக்கில் மதிப்பெண் கிடையாது.

14. பாதி வரைக்கும் அருமையா இருந்துச்சு, பொறவு கசக்குது. சரக்கு மோசமா?

முதலில் 12-ஆம் பதிலைப் பார்த்து உங்கள் வேகத்தைச் சரிபாருங்கள். வேகம் சரியென்றால், சுருட்டின் வழியாக மெதுவாக ஒருமுறை வெளிப்பக்கம் ஊதி, உள்ளே தேங்கின புகையை வெளியேற்றிவிட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். அதற்கும் கசந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். கடைசித் துண்டு வரை குடித்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை.

சுருட்டை மூன்று பங்காகப் பிரித்துக் குறிப்பெழுதுவது நல்ல பழக்கம். முதல் பங்கில் மேலிலை பேசும், நடுப்பங்கில் உள்ளிலை அதோடு கலக்கும், கடைசிப் பங்கில் காட்டம் ஏறும். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் அது தேறாத சரக்கு இல்லை, சுவாரசியம் குறைந்த சரக்கு. அணைந்துவிட்டால் சாம்பலைத் தட்டிவிட்டுத் திரும்பப் பற்றவைக்கலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள். மறுநாளைக்கு எடுத்து வைத்தால் நாற்றம்தான் மிச்சம்.

15. சாம்பல் வெள்ளையா நீளமா நின்னாத்தான் நல்ல சுருட்டாமே?

நீளமாக நிற்பது உள்ளே முழு இலை இருப்பதைக் காட்டும், சுருட்டியவர் கை நல்ல கை என்பதையும் காட்டும். வெள்ளையா சாம்பல் நிறமா என்பது அந்த மண்ணின் உப்புக்களைப் பொறுத்தது. ருசிக்கு அது சாட்சி இல்லை.

16. அல்வா சாப்பிட்டுக்கிட்டே குடிக்கலாமா? கூட என்ன நல்லாருக்கும்?

அல்வா வேண்டாம். நெய்யும் இனிப்பும் நாக்கில் படிந்துவிட்டால் மதூரோவின் மெல்லிய இனிப்பு மணம் காணாமல் போகும். முடித்த பிறகு சாப்பிடுங்கள், அப்போது இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். மதிப்பெண் போடுகிற அன்று தண்ணீர் மட்டும். தாமிரபரணித் தண்ணீரைவிட நாக்கைச் சுத்தம் செய்வது எதுவும் இல்லை. சும்மா அனுபவிக்கிற அன்று பாலில்லாத கருப்பட்டிக் காப்பி. சுக்கு சேர்க்காதீர்கள், அது நல்லமிளகு வாசத்தை அமுக்கிவிடும்.

17. மார்க் எப்படிப் போடுதீய?

இருபதுக்குப் போடுகிறேன். தோற்றத்துக்கு மூன்று, இழுப்புக்கும் எரிப்புக்கும் ஆறு, ருசிக்கு எட்டு, முடித்து அரை மணி கழித்து வாயில் என்ன நிற்கிறது என்பதற்கு மூன்று. கடைசி மூன்று பலருக்கு வினோதமாகத் தெரியும். எனக்கு அதுதான் முக்கியம். நன்றாகப் பழுத்த இலை வாயைச் சுத்தமாக விட்டுவிட்டுப் போகும்; அரைகுறை இலை மறுநாள் காலை வரை நாக்கைக் கீறிக்கொண்டே இருக்கும்.

ஒரு சுருட்டை வைத்து மதிப்பெண் போடக் கூடாது. கையால் செய்வது, ஒன்றுக்கொன்று மாறும். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு, வேறு வேறு நாளில். இரண்டுக்கும் இடையில் நாலு மதிப்பெண் வித்தியாசம் வந்தால் அதையும் எழுதுங்கள். ஒழுங்கின்மையும் ஒரு குறைதான். சளி பிடித்த நாளில் நோட்டைத் திறக்க வேண்டாம்.

18. நிறத்துல மயங்காம இருக்கேனான்னு எப்படித் தெரிஞ்சுக்க?

இது நல்ல கேள்வி. கேட்டவர் தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். ஒரே சுருட்டை மதூரோ மேலிலையிலும் சாதாரண மேலிலையிலும் போடுகிற கம்பெனிகள் உண்டு. பத்ரோன் கம்பெனி 1994-இல் கொண்டுவந்த ‘1964 ஆனிவர்சரி’ வரிசை அப்படிப்பட்டது. இரண்டு நிறத்திலும் கிடைக்கும். ஒவ்வொன்று வாங்கி, காகிதப் பட்டையைக் கழற்றிவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு வேறொருவர் கையால் மாற்றி மாற்றி வாங்கிப் பாருங்கள். அரை அரைச் சுருட்டு போதும்.

நான் முதல் தடவை செய்தபோது கறுப்பு எது என்று தப்பாகச் சொன்னேன். காட்டத்தைத் தேடியதால் வந்த தப்பு. இரண்டாவது தடவை கருப்பட்டி வாசத்தைத் தேடினேன், சரியாகச் சொன்னேன்.

19. கியூபாதான் ஒசத்தி, மத்ததெல்லாம் சும்மான்னு சித்தப்பா சொல்லுதாரு.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள், மதூரோவில் கியூபாவுக்குத் தனி முதலிடம் கிடையாது. கியூபாவின் பேர்பெற்ற சுருட்டுப் பெயரான கொஹீபாவே மதூரோ வரிசையை 2007-இல்தான் கொண்டுவந்தது. நிகராகுவாவும் டொமினிக்கன் குடியரசும் ஹோண்டுராஸும் இதில் நெடுநாள் கை பழகியவை. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கியூபாச் சுருட்டு என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் அது போலி. ஊருக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு இன்னொன்று: 2016-இன் பயணிகள் உடைமை (பேகேஜ்) விதிகளின்படி தீர்வை இல்லாமல் 25 சுருட்டு வரைதான் இருந்தது; இப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

20. ஒரே சுருட்டை நாங்க நாலு பேரு நாலு மாதிரி சொன்னோம். யாரு சொன்னது சரி?

ருசியின் பேரில் நாலும் சரியாக இருக்கலாம். ஒருவர் பேரீச்சை என்பதை இன்னொருவர் கருப்பட்டி என்பார். இரண்டும் பக்கத்து வீடுகள். ஒருவர் இனிப்பு என்று சொல்லும்போது மற்றவர் கரிந்த கடாய் என்றால், ஒருவர் வேகமாக இழுக்கிறார், அல்லது சற்று முன் எதையோ சாப்பிட்டிருக்கிறார். இழுப்பு அடைத்ததா, கோணலாக எரிந்ததா என்பதில் மட்டும் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. பேசிக்கொள்ளாமல் முதலில் ஆளுக்கொரு தாளில் எழுதிவிட்டுப் பிறகு வாசியுங்கள். சத்தமாகப் பேசுகிறவர் நாக்கு மற்ற மூன்று நாக்கையும் இழுத்துக்கொண்டு போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

21. குடிக்காமலே, மோந்து பாத்தே மதிப்பு சொல்ல முடியுமா?

எல்லாவற்றையும் சொல்ல முடியாது. இலை பழுத்ததா இல்லையா என்பதைச் சொல்ல முடியும். அதைச் செய்கிற ஒருவரைத் தெரியும்.

ஊர் திரும்பின வருடம், வேறு வேறு கம்பெனியின் ஐந்து மதூரோக்களைப் பட்டை கழற்றி, அம்மாவின் சொளவில் வரிசையாக வைத்தேன். அவள் பீடி சுற்றுவதை நிறுத்தி வருடங்கள் ஆகியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து முனையை முகர்ந்தாள், விரலால் உருட்டினாள், காதருகே வைத்து அமுக்கினாள். நாலை ஒரு பக்கம் வைத்தாள். ஐந்தாவதைத் தள்ளி வைத்து, “இது இன்னும் வேவல. மேல கறுப்படிச்சிருக்கான், உள்ள பச்சை” என்றாள். ஐந்திலும் அதுதான் விலை கூடியது, பார்க்கவும் அதுதான் அழகு. அன்று சாயங்காலம் நனைத்த துணியால் துடைத்தேன். மை மாதிரி இறங்கியது. பற்றவைத்தேன், நாலாவது இழுப்பில் நாக்கு கீறியது. நோட்டில் இருபதுக்கு ஏழு போட்டு, பக்கத்தில் ‘அம்மா சொன்னது’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.